அம்புக்குறி போட்ட கைகள்

அமெரிக்கச் சைகை மொழியில் ‘உட்கார்’ என்பதற்கும் ‘நாற்காலி’ என்பதற்கும் கைகள் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு கையின் இரண்டு விரல்களை நீட்டிப் பிடித்து, அவற்றின்மேல் மறு கையின் இரண்டு விரல்களை வைக்க வேண்டும். ஒருமுறை வைத்தால் உட்கார். சட்டென்று இருமுறை தட்டினால் நாற்காலி. வினையும் பெயரும் இப்படி அசைவால் மட்டும் பிரிகிற இணைகள் அந்த மொழியில் நிறைய உண்டு என்று 1978இல் டெட் சுபல்லாவும் எலிசா நியூபோர்ட்டும் எழுதினார்கள். இந்த இரண்டையும் நாலு வயதுப் பிள்ளைக்கான படப்புத்தகத்தில் காட்ட வேண்டுமென்றால் ஓவியர் என்ன செய்வார்? ஒன்றுக்கு ஒற்றை அம்புக்குறி, மற்றதற்கு இரட்டை அம்புக்குறி. நமக்குப் புரிந்துவிடும். அம்புக்குறி என்றால் ‘இந்தப் பக்கம் நகர்த்து’ என்று அர்த்தம் என்பதையே இன்னும் பழகாத பிள்ளைக்கு அது கைக்குப் பக்கத்தில் கிடக்கும் ஒரு கோடு.

குழந்தைகளுக்குச் சைகை மொழி கற்றுக்கொடுக்கும் படப்புத்தகங்கள் ஐம்பது ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கின்றன. வண்ணமயமானவை, நல்லெண்ணம் நிறைந்தவை, பரிசளிக்க ஏற்றவை. அதனாலேயே இவற்றை யாரும் கறாராகப் படிப்பதில்லை. காது கேளாத குழந்தைக்காக ஒரு புத்தகம் வந்திருக்கிறது என்றால் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தப் புத்தகம் யாருக்கு எதைக் கற்றுக்கொடுக்கிறது என்று கேட்டால்தான் விஷயம் சுவாரஸ்யமாகிறது.

சைகை என்பது பேச்சுக்குப் பதிலாக வரும் அபிநயம் என்றே நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வாஷிங்டனில் காது கேளாதோருக்கான காலடெட் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த வில்லியம் ஸ்டோக்கி 1960இல் அந்த எண்ணத்தை உடைத்தார். கையின் வடிவம், கை வைக்கப்படும் இடம், கையின் அசைவு ஆகிய மூன்றாக ஒவ்வொரு சைகையையும் பிரிக்கலாம். பேச்சு மொழியில் ஒலி செய்யும் வேலையை இவை செய்கின்றன என்று காட்டினார். பின்னால் வந்தவர்கள் உள்ளங்கை பார்க்கும் திசையையும் முகத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். விரித்த கையின் கட்டைவிரல் நெற்றியைத் தொட்டால் அமெரிக்கச் சைகை மொழியில் அப்பா. அதே கை மோவாய்க்கு இறங்கினால் அம்மா. கோடை, அசிங்கம், உலர்ந்தது ஆகிய மூன்றுக்கும் ஒரே விரல், ஒரே அசைவு. நெற்றி, மூக்கு, மோவாய் என்று இடம் மட்டும் மாறுகிறது.

இந்தக் கூறுகளில் அச்சுக்கு எளிதாக வசப்படுபவை இரண்டு: வடிவமும் இடமும். அசைவு பாதிதான் வரும். முகத்தில்தான் பெரிய சறுக்கல். புத்தகக் குழந்தைகள் எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள். ‘எங்கே?’ என்று கேட்கும் குழந்தை சிரிக்கிறது, ‘வலிக்கிறது’ என்று காட்டும் குழந்தையும் சிரிக்கிறது. அமெரிக்கச் சைகை மொழியில் ‘எங்கே’, ‘யார்’ என்று கேட்கும்போது புருவம் சுருங்க வேண்டும். ஆமாவா இல்லையா என்று கேட்கும்போது புருவம் உயர வேண்டும். அது இலக்கணம், உணர்ச்சியைக் காட்டும் அலங்காரம் இல்லை. சிரித்த முகத்தோடு ‘எங்கே’ என்று வரைந்த படம், கேள்விக்குறியைத் தொலைத்த வாக்கியம். எழுத்துப் பிழைகளை மூன்று முறை திருத்தும் பதிப்பாளர்கள் இந்தப் பிழையைப் பிழை என்றே அறியாமல் அச்சுக்கு அனுப்புகிறார்கள்.

இடவலச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. பக்கத்தில் உள்ள பெண் நம்மைப் பார்த்து நிற்கிறாள். அவளுடைய வலக்கை நம் இடப்பக்கம். கண்ணாடியைப் பார்ப்பதுபோல் செய்வதா, அவளுடைய இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்பதா? பெரியவர்களே தடுமாறுகிறார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு இந்தப் புத்தகங்களால் பயனே இல்லை என்று முடித்துவிடலாம். அது அவசர முடிவு. காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவர்கள் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். மற்ற மொழிகள் எல்லாம் தாயிடமிருந்து பிள்ளைக்கு வருகின்றன. இந்த ஒரு மொழியைத் தாயும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டில் நடப்பது நமக்குத் தெரிந்ததுதான். பரிசோதனை, காது மெஷின், ஸ்பீச் தெரபி, காக்ளியர் அறுவைச் சிகிச்சை, அதற்குக் காப்பீட்டு அட்டை, மாமியார் வேண்டிக்கொண்ட கோயில். சைகை என்ற சொல்லை அந்த வரிசையில் யாரும் எடுப்பதில்லை. எடுத்தாலும் ‘கடைசி வழி’ என்ற தொனியில்தான் வரும். அந்த வீட்டுக்குள் ஒரு படப்புத்தகம் நுழைகிறது. அதில் பால், சோறு, தூக்கம், அம்மா, இன்னும் வேண்டும், வலி என்று இருபது முப்பது சைகைகள். தாத்தா பக்கத்தைப் புரட்டி, எழுபது வயது விரல்களால் ‘பால்’ என்று செய்து பார்க்கிறார். அக்கா தம்பிக்குச் செய்து காட்டுகிறாள். கையை அசைத்துப் பேசினால் பிள்ளைக்குப் பேச்சே வராமல் போய்விடும் என்ற பயம் அந்த அளவில் கரைகிறது. எந்த மருத்துவரின் அறிவுரையைவிடவும் இது பெரிய காரியம்.

ஆக, புத்தகம் கற்றுக்கொடுப்பது குழந்தைக்கு இல்லை, வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு. அம்புக்குறி அவர்களுக்குப் புரிகிறது. இதை ஒப்புக்கொண்டுவிட்டால் இந்த வகையின் பலமும் பலவீனமும் தெளிவாகிவிடும். பெற்றோருக்கான பாலபாடமாக இது நல்ல பொருள். குழந்தைக்கு மொழியைத் தரும் கருவி என்று விற்கப்படும்போதுதான் வம்பு. அட்டையில் எழுதியிருப்பது இரண்டாவது வாக்குறுதியை.

வம்பு என்கிறேனே, என்ன வம்பு? பாட்டி வடை சுட்ட கதையை எடுத்துக்கொள்வோம். சைகையில் தேர்ந்த ஒருவர் அதைச் சொன்னால் எப்படி இருக்கும்? முன்கையை நெஞ்சுக்கு முன்னால் குறுக்கே நீட்டுவார். அது கிளை. மறு கையால் காக்கைக்கான சைகையைக் காட்டிவிட்டு, அதே கையின் இரண்டு விரல்களை மடக்கி முன்கைமேல் உட்கார வைப்பார். காக்கை கிளையில் அமர்ந்தாயிற்று. ‘மேல்’ என்று தனியாக ஒரு சைகை இல்லை, ‘அமர்ந்திருந்தது’ என்று ஒன்றும் இல்லை. கையை எடுத்துவிட்டாலும் கிளை அந்த உயரத்திலேயே நிற்கிறது. பார்க்கிற பிள்ளை அதை நினைவில் வைத்துக்கொள்ளும். நரி வருகிறது. நரியின் இடம் கீழே, ஒரு பக்கமாக. நரியாகப் பேசும்போது சொல்பவரின் தோள் லேசாகத் திரும்பும், முகம் மேலே பார்க்கும், கண்ணில் ஒரு குழைவு வரும். காக்கையாக மாறும்போது அதே தோள் மறுபக்கம் திரும்பும், பார்வை கீழே இறங்கும், வாய் வடையைக் கவ்வியபடி இறுகியிருக்கும். ‘என்றது நரி’, ‘என்று நினைத்தது காக்கை’ என்பதற்கெல்லாம் வேலையே இல்லை. பார்வை போகும் திசையே யார் பேசுகிறார் என்று சொல்லிவிடும். கடைசியில் வட்டமாகக் குவிந்த விரல்கள் கிளையின் உயரத்திலிருந்து நரியின் இடத்துக்கு இறங்குகின்றன. வடை போயிற்று. (காக்கை பாடியதால்தான் வடை விழுந்தது. சைகை தெரிந்த காக்கையாக இருந்திருந்தால் சிறகை அசைத்துப் பதில் சொல்லிவிட்டு வடையையும் காப்பாற்றியிருக்கும் என்று காது கேளாத பிள்ளை ஒன்று எதிர்க்கேள்வி போட்டால் நம்மிடம் பதில் இல்லை.)

இதே கதையைச் சைகைப் படப்புத்தகமாகப் போட்டால் பக்கத்தின் அடியில் என்ன வரும்? காக்கை, நரி, வடை, மரம், பாட்டி. ஐந்து பெயர்ச்சொற்கள். ஐந்து கைகள், ஐந்து அம்புக்குறிகள். கிளை எவ்வளவு உயரம், நரி எந்தப் பக்கம், யார் யாரைப் பார்க்கிறார் என்ற எதுவும் இருக்காது. அதாவது அந்த மொழியின் இலக்கணமாக இருந்தது முழுவதும் வடிகட்டப்பட்டு, அகராதி மட்டும் எஞ்சும். வாக்கியத்தையும் விட்டுவைக்காமல், மேலே அச்சிட்ட ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே ஒரு கையை வரைந்துவிடுகிற புத்தகங்கள் இன்னும் மோசம். வேற்றுமை உருபையும் வினைமுற்று விகுதியையும் சொல்லோடு ஒட்டிக்கொண்டு போகும் தமிழ் வாக்கியத்தின் வரிசையில் கைகளை அடுக்கினால் கிடைப்பது தமிழும் இல்லை, சைகை மொழியும் இல்லை. அதைப் படித்துப் பழகும் பெற்றோர், சைகை மொழி என்பது தாய்மொழியைக் கையால் உச்சரிப்பது என்றே நம்பிவிடுகிறார்கள். பிற்பாடு காது கேளாதவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைப் பார்க்கும்போது ‘இவர்கள் இலக்கணம் இல்லாமல் பேசுகிறார்கள்’ என்று தோன்றுகிறது. பழியைச் சுமக்க வேண்டியது புத்தகம். சுமப்பது அந்தப் பேச்சு.

சொற்பட்டியலும் வேண்டியதுதானே, எந்தக் குழந்தையும் ஒற்றைச் சொல்லில்தானே தொடங்குகிறது என்று கேட்கலாம். கேட்கும் குழந்தை ஒற்றைச் சொல்லைச் சொல்லத் தொடங்கும்போது அதன் காதில் ஒரு வருடமாக முழு வாக்கியங்கள் விழுந்துகொண்டிருக்கின்றன. காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த காது கேளாத குழந்தைகள் கையாலேயே மழலை பேசுகின்றன என்று லாரா பெட்டிட்டோவும் பவுலா மேரன்டெட்டும் 1991இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். அந்த மழலைக்குப் பின்னால் நாள் முழுவதும் கண்முன்னே ஓடும் முழு மொழி இருக்கிறது. முப்பது சைகைகள் தெரிந்த வீட்டில் அது இல்லை. முதல் சில ஆண்டுகளில் எந்த மொழியும் முழுதாகக் கிடைக்காத குழந்தைக்குப் பின்னால் கற்கும் மொழிகளும் தடுமாறுகின்றன என்பதை ரேச்சல் மேபெரியின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. புத்தகம் வாங்கிவிட்டோம், பிள்ளைக்குச் சைகை சொல்லிக்கொடுக்கிறோம் என்ற திருப்தியிலேயே அந்த ஆண்டுகள் கழிந்துவிடக்கூடும். இந்த வகைப் புத்தகங்களின் மிகப் பெரிய ஆபத்து என்று நான் நினைப்பது இதைத்தான்.

சரி, படப்புத்தகத்தை வைத்துச் சைகை மொழியைச் சொல்லிக்கொடுக்கவே முடியாதா? முடியும். அதைச் செய்து காட்டியவர்கள் காது கேளாத பெற்றோர். அவர்கள் கையில் எடுப்பது பெரும்பாலும் கை வரைந்த புத்தகமே இல்லை; கடையில் கிடைக்கும் சாதாரணக் கதைப்புத்தகம். காது கேளாதவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு எப்படிக் கதை படிக்கிறார்கள் என்று நடந்த ஆய்வுகளைத் திரட்டி, காலடெட்டைச் சேர்ந்த டேவிட் ஷ்லெப்பர் 1990களில் 15 நெறிகளாகத் தொகுத்தார். முதலில் படத்தையும் எழுத்தையும் பிள்ளை பார்த்து முடிக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். பிள்ளை நிமிர்ந்த பிறகுதான் கை பேசத் தொடங்குகிறது. சில சமயம் சைகையைப் பக்கத்தின் மேலேயே செய்கிறார்கள்: படத்தில் உள்ள பூனைக்குப் பக்கத்திலேயே பூனை. சில சமயம் பிள்ளையின் உடம்பின்மேல்: பிள்ளையின் கன்னத்திலேயே மீசை இழுத்துக் காட்டுவது. முதல் வாசிப்பில் கதையை விரித்துச் சொல்வார்கள், பக்கத்தில் இல்லாததையும் சேர்ப்பார்கள். பிள்ளைக்குக் கதை பழகப் பழக அச்சிட்ட சொற்களுக்கு நெருக்கமாக வருவார்கள்.

காத்திருப்பது என்ற ஒன்று மேலோட்டமாகப் பார்த்தால் சின்ன விஷயம். கேட்கும் குழந்தையின் கண் படத்தில் இருக்கும்போதே காதில் அம்மாவின் குரல் விழுகிறது. காது கேளாத குழந்தைக்கு இரண்டுக்கும் ஒரே வாசல், கண். படத்தைப் பார்த்தால் கை தெரியாது, கையைப் பார்த்தால் படம் தெரியாது. கேட்கும் பெற்றோருக்குப் பழக்கமானது, படத்தைச் சுட்டிக்காட்டிக்கொண்டே பேசுவது. அந்தப் பழக்கத்தோடு சைகை செய்யும்போது பிள்ளை குனிந்திருக்கும் நேரத்தில் கை காற்றில் பேசி முடித்துவிடுகிறது. மூன்று பக்கம் தாண்டியதும் பிள்ளை எழுந்து போய்விடும். பெற்றோர் ‘இவனுக்குப் புத்தகத்தில் ஆர்வமே இல்லை’ என்பார்கள். காது கேளாத தாயிடம் வளரும் குழந்தைகள் இரண்டு வயதுக்குள்ளேயே பக்கத்துக்கும் முகத்துக்கும் இடையில் பார்வையை மாற்றி மாற்றிப் பழகிவிடுகின்றன. எந்த அம்புக்குறியும் கற்றுக்கொடுக்காத பாடம் இது. இதை ஒரு பக்கக் குறிப்பாகவாவது பெற்றோருக்குச் சொல்லும் சைகைப் படப்புத்தகம் அரிது.

அச்சில் நல்ல முயற்சிகளே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1974இல் ரெமி சார்லிப், மேரி பெத் மில்லர், ஜார்ஜ் அன்கோனா ஆகிய மூவர் சேர்ந்து கொண்டுவந்த ‘ஹேண்ட்டாக்’ ஓவியத்தை விட்டுப் புகைப்படத்தைப் பிடித்தது. மில்லர் காது கேளாத நாடக நடிகை. பல்லும் புருவமும் தோளும் சேர்ந்து பேசும் முகங்களை அந்தப் புத்தகத்தில் பார்க்கலாம். சிரித்த பொம்மை முகம் அங்கே கிடையாது. ஒரு காது கேளாத கலைஞர் நூலாசிரியர்களில் ஒருவராக இருந்ததன் விளைவு அது என்றே எனக்குப் படுகிறது. 1998இல் வந்த ஐசக் மில்மனின் ‘மோசஸ் கோஸ் டு எ கான்சர்ட்’ வேறொரு வழியில் போனது. காது கேளாத சிறுவனும் வகுப்புத் தோழர்களும் இசைக் கச்சேரிக்குப் போகிறார்கள். மடியில் பலூனை வைத்துக்கொண்டு இசையின் அதிர்வை உணர்கிறார்கள். மேடையில் தாளக்கருவி வாசிப்பவரும் காது கேளாதவரே. கதை பெரிய ஓவியங்களில் ஓடுகிறது. சிறுசிறு கட்டங்களில் முழு வாக்கியங்கள் சைகையில் வருகின்றன, தனிச் சொற்களாக இல்லாமல் தொடராக. அம்புக்குறியின் குறைகள் இதிலும் உண்டு. ஆனால் இந்த மொழியில் வாக்கியம் என்று ஒன்று இருக்கிறது என்பது வாசிக்கிறவருக்குத் தெரிந்துவிடும். அதைவிட, மோசஸைப் போன்ற பிள்ளை ஒன்று புத்தகத்தைத் திறந்ததும் தன்னையே பார்க்கும். இருபது சைகைகளைக் கற்பதைவிட அது மேல்.

லாரா ராங்கினின் ‘த ஹேண்ட்மேட் ஆல்ஃபபெட்’ (1991) பற்றி எனக்கு இரண்டு மனம். வண்ணப் பென்சிலில் தீட்டிய கைகள் ஒவ்வொன்றும் ஆங்கில எழுத்தாக மாறி, அந்த எழுத்தில் தொடங்கும் பொருளோடு நிற்கின்றன. சுவரில் மாட்டலாம் போன்ற அழகு. ஆனால் அது விரலால் எழுத்துக்கூட்டும் முறை. சைகை மொழியில் அது பெயர்களுக்கும் புதுச் சொற்களுக்கும் பயன்படும் ஒரு மூலை மட்டும். வெளியாருக்கு அந்த மூலைதான் வீடாகத் தெரிகிறது. சைகை மொழி விழிப்புணர்வு என்றாலே நம் பள்ளிகளிலும் ஏ முதல் இசட் வரை விரலில் காட்டும் அட்டையைத்தான் ஒட்டுகிறார்கள். எழுதவே தெரியாத மூன்று வயதுப் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டும் விரல் எதற்கு?

இந்தப் புத்தகங்களை அதிகம் வாங்குகிறவர்கள் காது கேளாத பிள்ளைகளின் வீட்டார் இல்லை என்பது இந்தச் சந்தையின் விசித்திரம். லிண்டா அக்ரிடோலோவும் சூசன் குட்வினும் 1996இல் ‘பேபி சைன்ஸ்’ நூலை வெளியிட்ட பிறகு, பேச்சு வருவதற்கு முன்பே கைக்குழந்தை சைகையில் கேட்கும், பிற்பாடு சீக்கிரமாகவும் சாமர்த்தியமாகவும் பேசும் என்ற நம்பிக்கை அமெரிக்க நடுத்தர வீடுகளில் பரவியது. கெட்டி அட்டைப் புத்தகங்கள் குவிந்தன. ஆய்வுகள் அந்த அளவுக்கு ஒத்துழைக்கவில்லை. 2013இல் எலிசபெத் கிர்க்கின் குழு 40 குழந்தைகளை 8 மாதம் முதல் 20 மாதம் வரை பின்தொடர்ந்து பார்த்தது. சைகை பழகிய குழந்தைகள் மொழியில் முந்தவில்லை. மாறியது தாய்மார்கள். குழந்தையின் சின்னச் சின்னக் குறிப்புகளையும் அவர்கள் கூர்ந்து கவனிக்கத் தொடங்கியிருந்தார்கள். புத்தகம் பெரியவருக்குத்தான் பாடம் என்ற பழைய முடிவுக்கே இதுவும் வருகிறது. இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் காது கேளாதோர் நெடுநாளாகச் சொல்லும் மனக்குறை ஒன்று இருக்கிறது. கேட்கும் குழந்தை சைகை செய்தால் அறிவாளி என்று படம் எடுக்கிறோம். மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்தில், காது கேளாத குழந்தையின் தாயிடம் ‘கையை அசைக்கவிடாதீர்கள், பேச்சு வராது’ என்கிறோம்.

அந்த அறிவுரைக்கு வயது அதிகம். 1880இல் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு பள்ளிகளில் சைகையைத் தவிர்க்கத் தீர்மானம் போட்டது. 2010இல் வான்கூவரில் அதே மாநாட்டுத் தொடர் அதற்கு வருத்தம் தெரிவித்தது. இடையில் 130 ஆண்டுகள். சைகை பேச்சைக் கெடுக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இன்றுவரை இல்லை. காது கேளாத பெற்றோரிடம் பிறந்ததிலிருந்தே சைகை மொழியோடு வளர்ந்து, காக்ளியர் கருவியும் பொருத்திக்கொண்ட குழந்தைகள் ஆங்கிலத்தில் பின்தங்கவில்லை என்று 2014இல் கேத்ரின் டேவிட்சன் குழு எழுதியது. ஐந்தே குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு. அதைக் கொண்டு கொடி ஏற்ற வேண்டாம். அச்சுறுத்தி அனுப்பாமல் இருக்க அது போதும்.

நம் ஊருக்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் செவித்திறன் குறையுடையவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். பாளையங்கோட்டை ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் காது கேளாதோர் பள்ளி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. விடுதிகளிலும் மைதானங்களிலும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் தங்களுக்குள் சைகையை வளர்த்துக் கைமாற்றி வந்திருக்கிறார்கள். தமிழ்ப் படப்புத்தகங்களில் அந்தக் கைகளைத் தேடினால் ஏறக்குறைய வெறுமைதான். ஆகவே பெற்றோர் இணையத்தில் தேடி வாங்குவது அமெரிக்கப் புத்தகங்களை. ஆங்கிலம் போல இதுவும் உலகப் பொதுமொழி என்று நினைத்துவிடுகிறார்கள். இந்தியச் சைகை மொழி வேறு. பெண் என்பதற்கு இங்கே விரல் மூக்குத்தி இடத்தைத் தொடும், ஆண் என்பதற்கு மீசையைத் தடவும். ஆங்கில எழுத்துகளைக் கூட்டுவதற்கு அமெரிக்கர்கள் ஒரு கையைப் பயன்படுத்துகிறார்கள். இங்கே பெரும்பாலும் இரண்டு கை. மோவாயைத் தொட்டு ‘அம்மா’ என்று வீட்டில் பழகிய பிள்ளை, பள்ளிக்கு வந்ததும் ஊமையாகிவிடுகிறது, சைகை தெரிந்த பிள்ளைகள் நடுவிலேயே.

இந்தியச் சைகை மொழிக்குள்ளும் வட்டாரங்கள் உண்டு. 1970களின் பிற்பகுதியில் மதன் வசிஷ்டா, ஜேம்ஸ் உட்வர்ட், கிர்க் வில்சன் ஆகியோர் டெல்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் நகரங்களின் சைகைகளைத் தொகுத்தபோதே சொற்கள் ஊருக்கு ஊர் மாறுவதையும் இலக்கணம் பெரிதும் ஒன்றாயிருப்பதையும் கண்டார்கள். 2015இல் டெல்லியில் இந்தியச் சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் தொடங்கியது. 2018இல் 3,000 சொற்களோடு வந்த அதன் அகராதி 2021இல் 10,000 சொற்களுக்கு வளர்ந்தது. 2020இல் என்.சி.இ.ஆர்.டி.யோடு ஒப்பந்தம் போட்டுப் பாடநூல்களைச் சைகை மொழிக் காணொளிகளாக மாற்றத் தொடங்கினார்கள். எல்லாம் வரவேற்க வேண்டியவை. ஆனால் கவனியுங்கள்: பாடநூல் என்றால் முதல் வகுப்பிலிருந்து. மொழி வேரூன்ற வேண்டிய வயது அதற்கு முன்பே முடிந்துகொண்டிருக்கிறது. அங்கன்வாடிப் பருவத்துக்கு, மடியில் வைத்துச் சொல்லும் கதைக்கு, யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இனி வரும் புத்தகங்களில் பக்கத்தின் மூலையில் க்யூஆர் கோடு இருக்கும், போனைக் காட்டினால் காணொளி ஓடும், அம்புக்குறிப் பிரச்சினை தீர்ந்தது என்று பதிப்பாளர்கள் சொல்லக்கூடும். பாதி உண்மை. அசைவும் முகமும் காணொளியில் முழுதாக வந்துவிடுகின்றன. காலடெட்டின் ஆய்வுக்குழு 2013இல் கொண்டுவந்த ‘த பேயோபாப்’ செயலியில் காது கேளாத கதைசொல்லி படத்தோடும் எழுத்தோடும் ஒரே திரையில் இருந்தார். சொல்லைத் தொட்டால் அதன் சைகை வரும். அது யோசித்துச் செய்த வேலை. அச்சுப் பக்கத்துக்கும் போனுக்கும் இடையில் பிள்ளையை அலையவிடுவது வேறு. போன் வந்ததும் புத்தகம் மூடிக்கொள்ளும். மேலும், காணொளியில் இருப்பவர் பிள்ளை நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருக்க மாட்டார். பிள்ளை வடையைக் காட்டி ஏதோ கேட்டால் அவருக்குத் தெரியாது. பெற்றோர் முதல்நாள் இரவு பார்த்து ஒத்திகை செய்துகொள்ள அது உதவும். அந்த வேலைக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

பின்பற்றத் தக்க ஏற்பாடு ஒன்று முன்னமே இருக்கிறது. 1990களில் ஹவாயில் தொடங்கி, பிறகு காலடெட் எடுத்து நடத்திய கூட்டு வாசிப்புத் திட்டத்தில், பயிற்சி பெற்ற காது கேளாதவர்கள் வீடு வீடாகப் போனார்கள். கையில் ஒரு பை. பையில் ஒரு சாதாரணக் கதைப்புத்தகம், அந்தக் கதையைக் காது கேளாதவர் ஒருவர் சொல்லும் ஒளிநாடா, பெற்றோருக்கு ஒரு குறிப்பு. வந்தவர் பெற்றோருக்கு அந்தக் கதையைச் சைகையில் சொல்லப் பழக்குவார். பெற்றோர் அந்த வாரம் முழுவதும் பிள்ளைக்கு அதையே சொல்வார்கள். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ லட்சக்கணக்கான தன்னார்வலர்களைத் தெருத்தெருவாக இறக்கியது. காது கேளாத இளைஞர்கள் மாவட்டத்துக்குச் சிலராவது, ஊதியத்தோடு, ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு பையோடு போவது அதைவிடச் சிறிய காரியம். தமிழில் நல்ல படக்கதைகளுக்குப் பஞ்சமில்லை. கை வரைந்த புத்தகத்துக்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை.

வரையத்தான் வேண்டும் என்று முடிவு செய்யும் பதிப்பாளர்களிடம் கேட்டுக்கொள்ள ஒன்று உண்டு. இப்போது நடப்பது, கதையும் ஓவியமும் முடிந்த பிறகு, அச்சுக்குப் போவதற்கு முந்தைய வாரம் ஒரு காது கேளாதவரைக் கூப்பிட்டு ‘கை சரியாக இருக்கிறதா’ என்று பார்க்கச் சொல்வது. அப்போது அவரால் விரலைத் திருத்த முடியும், முகத்தைத் திருத்த முடியாது. ஓவியர் எல்லாரையும் சிரிக்க வைத்து முடித்திருப்பார். ஓவியர் பென்சில் எடுப்பதற்கு முன்பே அந்தக் காது கேளாதவர் கதையைச் சைகையில் சொல்லட்டும், ஓவியர் அதைப் பார்த்து வரையட்டும். அட்டையில் எழுதியவர், வரைந்தவர் பெயர்களோடு சைகையில் சொன்னவர் பெயரும் இருக்கட்டும். ராயல்டி மூன்றாகப் பிரியட்டும்.